அண்ணன் பக்கத்துக் கைகாட்டி

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் அண்ணன் வரவில்லை.

ஃபிளாஸ்க்கில் டீ போட்டு வைத்ததுதான் மிச்சம். பார்த்துப் பார்த்து, கடைசியில் அவன் டம்ளரையும் நானே குடித்தேன். பின்னறையைப் பெருக்கினேன். தண்டவாளம் முழுவதையும் துணியால் துடைத்தேன். ஓடாத ரயிலுக்கு எதற்குத் துடைப்பு என்று இவர் கேட்டார். தூசி உட்கார்ந்தால் கரண்ட் பாயாது என்றேன். "பாய்ஞ்சு?" என்றார். சில சமயம் இந்த மனிதர் தெரியாமலே சரியான இடத்தில் குத்திவிடுவார். முன்னறையில் அவருடைய தையல் கடை. ஊசி பிடிக்கிற புத்தி போல.

அன்றைக்கு நடந்ததை இதுவரை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

பின்னறையில் சுவருக்குச் சுவர் பலகை. பலகை மேல் எங்கள் குட்டி ரயில். நடுவில் மலை. நான் பல் செட் செய்கிற லேபில் மிச்சமாகும் பிளாஸ்டரைக் கொண்டுவந்து நானே கட்டியது. ஜன்னல் பக்கம் என் ஸ்டேஷன். மலைக்கு அந்தப் பக்கம், கதவோரம், அண்ணனுடையது. இரண்டுக்கும் நடுவே மலையைக் குடைந்து போகிற ஒற்றை லைன். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அவரவர் ஸ்டூலில் உட்கார்ந்தால் மலை மறைக்கும், முகம் தெரியாது. அதனால் எங்களுக்கு ஒரே சட்டம். "விடவா?" என்று கேட்க வேண்டும். "விடு" என்று பதில் வந்தால்தான் விட வேண்டும். அப்பா வீட்டு மொட்டைமாடி அறையில் ஆரம்பித்தது. கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராக இதையும் ஏற்றி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வருவான். ஓட்டுவோம். அவ்வளவுதான். வேறு எதுவும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

மழைக்காலத்தில் அவனுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டு காதையும். மெஷின் வைத்தால் டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறதாம். கழற்றி டிராயரில் போட்டுவிட்டான்.

அதற்கப்புறமும் வந்தான். நான் கத்திக் கத்திப் பதில் சொல்வேன், பாதி ஊகத்தில் ஓட்டுவான், எப்படியோ சமாளித்தோம். அந்த ஞாயிறு "விடவா?" என்றான். என் வண்டி மலைக்குள் இருந்தது. "இரு, இரு!" என்று கத்தினேன். கொஞ்சம் காத்திருந்தான். பதில் சொல்லியிருப்பாள் என்று நினைத்து விட்டுவிட்டான். மலை வாசலில் இரண்டும் முட்டின. நீல எஞ்சின் தரையில் விழுந்து முன் சக்கரம் தெறித்துவிட்டது. நான் எழுந்து நின்று, "அறிவிருக்கா உனக்கு?" என்று கேட்டேன். அவனும் எழுந்து நின்றான். நான் கேட்டது கேட்டிருக்காது. என் மூஞ்சி தெரிந்திருக்கும்.

செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான்.


மார்ச் 5, செவ்வாய்

அண்ணி போன் செய்தார். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தானாம். இருந்தால் என்ன, தாராளமாகப் பேசலாம் என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

"எது கேட்டாலும் ஆமாம்னு தலையாட்டுறாரும்மா. என்ன கேட்டேன்னே தெரியாம. நேத்து பருப்புல உப்பு இல்லையான்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே ஆமாங்கிறாரு. யார் வீட்டுக்கும் வர மாட்டேங்கிறாரு. எங்கம்மா வந்தா எழுந்து உள்ள போயிடுறாரு."

பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் இருந்தவன் என் அண்ணன். எந்த வண்டி எப்போது வரும், எங்கே நிற்கும், ஏன் வரவில்லை என்று நாள் முழுக்கப் பதில் சொன்ன வாய். இப்போது சாமான் அறையில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறான். மூட்டை எதையும் கேட்காது.

போனை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். ஏன் போனேன்? தெரியாது. என் ஸ்டூலில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் முனையில் ஒரு கைகாட்டி நிற்கிறது. அவன் பக்கமும் ஒன்று. பிளாஸ்டிக் பொம்மை. வாங்கின நாளிலிருந்து கையை நேராக நீட்டி, நில் நில் என்றே சொல்லிக்கொண்டு நிற்கின்றன. நாங்கள் அவற்றை மதித்ததே இல்லை. வாய் இருந்ததே.

இது வேலை செய்தால்?

அவன் பக்கத்துக் கையை நான் இங்கிருந்து இறக்கினால் "விடு" என்று அர்த்தம். என் பக்கத்துக் கையை அவன் இறக்கட்டும். கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நிஜ ரயிலில் இத்தனை காலம் அப்படித்தானே ஓட்டினார்கள்? மூளை எனக்கு இவ்வளவு தாமதமாகத்தான் வேலை செய்யும்.


மார்ச் 9, சனி

லேப் அரை நாள். நேராக எலக்ட்ரானிக்ஸ் கடை. கைகாட்டியை அசைக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். செர்வோ என்றார் கடைக்காரர். தீப்பெட்டியைவிடச் சின்ன மோட்டார். சுற்றிக்கொண்டே இருக்காது, எந்தக் கோணம் சொல்கிறோமோ அதுவரை திரும்பி அப்படியே நிற்கும்.

"ரோபோ பண்றீங்களா மேடம்? பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்டா?"

"பையன் இல்ல. எங்கண்ணனுக்கு."

"என்ன படிக்கிறாரு?"

அண்ணனுக்கு வழுக்கை விழுந்து வருஷக்கணக்காகிறது என்று சொல்லவில்லை. இரண்டு வேண்டியிருந்தது, கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று மூன்றாவதும் வாங்கினேன். மோட்டாரை ஓட்டுகிற போர்டு, சுவிட்ச், வயர்.


மார்ச் 10, ஞாயிறு

பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஓட்டை போட்டேன். கண்ணெல்லாம் பிளாஸ்டர் தூள். கைகாட்டி மரத்துக்கு நேர் கீழே மோட்டாரைத் திருகி, அதன் கொம்பில் கம்பியை மாட்டி, கம்பியை மேலே கைவரை ஏற்றினேன். பழைய பொம்மைக் கையை வெட்டி எடுத்து, ஆடுகிற மாதிரி ஊசியில் கோத்திருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இவரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, பெருமையாக சுவிட்சைப் போட்டேன்.

கை விருட்டென்று வானத்துக்குப் போய், சலாம் போட்டு, முறிந்து, அண்ணன் ஸ்டேஷன் கூரையில் விழுந்தது.

இவர் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பாடுபட்டார். முடியவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. "போய் உங்க பேண்ட்டைத் தையுங்க" என்று விரட்டினேன். அப்புறம் பலகைக்கு அடியிலேயே படுத்துக் கொஞ்சம் அழுதேன். பிளாஸ்டர் தூள் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.


மார்ச் 11, திங்கள்

கடைக்காரரிடம் போனில் கேட்டேன். முதலில் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து நடுக்கோணத்தில் நிற்கவைக்க வேண்டுமாம். அது நின்ற பிறகுதான் கொம்பையும் கம்பியையும் மாட்ட வேண்டுமாம். நான் தூங்குகிறவன் கையில் கம்பியைக் கட்டிவிட்டு எழுப்பியிருக்கிறேன்.

"இதப் போய் முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"எல்லாரும் ஒரு தடவ ஒடைச்சிட்டுத்தான் மேடம் கேப்பாங்க."


மார்ச் 14, வியாழன்

வாங்கிய கம்பி சரியில்லை, வளைந்து வளைந்து கொடுக்கிறது. யோசித்துக்கொண்டே லேபில் ஒரு பல் செட்டுக்குக் கொக்கி வளைத்துக்கொண்டிருந்தேன். கையில் இருக்கிறதே கம்பி! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். பல்லைப் பிடிக்கிற எஃகுக் கம்பி, மெல்லியது, வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். என் குறடு இருக்கவே இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முனையிலும் சின்ன மடிப்பு மடித்து எடுத்தேன். புதுக் கைகளை பல் செட் அக்ரிலிக்கிலேயே வார்த்தேன். ஈறு நிறத்தில் இரண்டு குட்டிக் கைகள்.

முதலாளி எடுத்துப் பார்த்தார். "யாரு வாய்க்கும்மா இது?"

"வாய் இல்லாததுக்கு சார்."

விளக்கிச் சொன்னேன். சிரிக்கவில்லை. பாலிஷ் மெஷினில் அவரே முனையை உருட்டிக் கொடுத்தார்.


மார்ச் 17, ஞாயிறு

இறங்கியது!

மெதுவாக. நான் சுவிட்சைத் தட்டியதும் ஒரு நொடி யோசித்துவிட்டு, பெரிய மனிதர் தலையசைப்பது போலச் சாய்ந்து நின்றது. மறுபடி தட்டினேன். மேலே போனது. போய் நின்றதும் லேசாக ஒரு குலுங்கல். அந்தக் குலுங்கல் நானே போர்டில் திருகித் திருகிக் கொண்டுவந்தது. நிஜக் கைகாட்டி அப்படித்தான் குலுங்கும் என்று அண்ணன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அவன்தான் எங்களில் சட்டம் பேசுகிறவன். ஒரு தடவை நான் சரக்குப் பெட்டிகளின் கடைசியில் சிவப்பு விளக்கு வைக்க மறந்தேன் என்று மதியச் சாப்பாடு சாப்பிடாமல் போனான்.

இவரைக் கூப்பிட்டேன். வாயில் ஊசியோடு வந்தார். பார்த்தார். ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, "இன்னொரு தடவ இறக்கு" என்றார். அப்புறம் இன்னொரு தடவை. ஏழாவது தடவைக்கு அவரே சுவிட்சைப் பிடுங்கிக்கொண்டார்.


மார்ச் 19, செவ்வாய்

மோட்டார் சும்மா நிற்கும்போதும் ஙொய்ய்ய் என்கிறது. "கொசு வளக்கிறியா?" என்கிறார். நின்ற பிறகு கரண்டை நிறுத்தும் வசதி போர்டிலேயே இருக்கிறது. நாளைக்குப் பார்க்க வேண்டும்.


மார்ச் 24, ஞாயிறு

இரண்டும் முடிந்தது.

எல்லாம் முறைப்படி. மரம் தண்டவாளத்துக்கு இடப்பக்கம். கை, வருகிற வண்டியைப் பார்த்து. முன்பக்கம் சிவப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, பின்பக்கம் வெள்ளை. சிவப்புக்கு மூன்று பூச்சு. வயர்களையெல்லாம் இவர் கடைக் கறுப்பு நூலில் கட்டி, பலகைக்கு அடியில் சடை போட்ட மாதிரி ஓட்டியிருக்கிறேன். அண்ணன் குனிந்து அடியில் பார்ப்பான், தெரியும். அதற்காகவே.

கதவருகே நின்று பார்த்தேன். சிவப்புக் கை, அண்ணன் கட்டிய வெள்ளை ஸ்டேஷனைத் தாண்டி. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷம் என்று எழுதி எவ்வளவு நாளாயிற்று?


மார்ச் 30, சனி

அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். பலவிதமாக எழுதி அழித்துவிட்டுக் கடைசியில் இதுதான்: "நாளைக்கு வா. பேச வேண்டிய வேலை எதுவும் இல்ல."

கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. வருவேன் என்றா, படித்தேன் என்றா?


மார்ச் 31, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

வந்தான். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டு, விருந்தாளி மாதிரி. இளைத்துவிட்டான். கைகாட்டியைத் தொட்டுப் பார்த்தான். அடியில் குனிந்து சடையைப் பார்த்தான். "பல்லு, இதெல்லாம் நீயா பண்ணின?" என்றான். பல் செட் செய்யக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவனுக்கு நான் பல்லுதான். எப்படி ஓட்டுவது என்று சைகையில் காட்டினேன். கை இறங்கினால் விடு. தலையாட்டினான்.

அவன் ஸ்டூலில் அவன். என் ஸ்டூலில் நான். நடுவில் மலை.

அவன் வண்டி கிளம்ப வேண்டும். சுவிட்சைத் தட்டினேன். காத்திருந்தேன். வண்டி வரவில்லை. கையை ஏற்றி மறுபடி இறக்கினேன். வரவில்லை. மறுபடி. மறுபடி. மோட்டார் அங்கே கீர் கீர் என்று இறங்குவது எனக்குக் கேட்கிறது! இவன் என்ன, வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறானா? எனக்கும் பொறுமைக்கும்தான் ஏழாம் பொருத்தமாயிற்றே. எழுந்து சுற்றிக்கொண்டு போய் அவன் தோளைத் தட்டி, அவனையே முறைத்தபடி கைகாட்டிப் பக்கம் விரலைக் காட்டி, "இறக்கியிருக்கேன்ல?" என்றேன்.

என் விரலைப் பார்த்தான். அந்தத் திசையைப் பார்த்தான். கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"தெரியல பல்லு," என்றான். காது போனதிலிருந்து கத்துகிற அந்தச் சத்தத்தில் இல்லை, மெல்ல. "இதுவும் தெரியலையே எனக்கு."

பிறகு எழுந்து என் தலையில் கை வைத்தான். "நல்லா பண்ணியிருக்க. ரொம்ப நல்லா இருக்கு." ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்க்க வருகிறவர்கள் சொல்கிற குரல். டீ குடிக்கவில்லை.

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. ஆமாம், வந்தது. மனசு வைத்துப் பார்த்தால் தெரியாதா? இவ்வளவு பெரிய சிவப்புக் கை!


ஏப்ரல் 2, செவ்வாய்

அண்ணி போன். "என்னம்மா ஆச்சு அங்க? ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு காலண்டரைப் பாக்குறாரு. அப்புறம் அந்தக் கண்ணைப் பொத்திக்கிட்டு. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாரு."

அய்யோ.

காது போனதே போதாதென்று கண்ணும் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் நினைக்கவைத்திருக்கிறேன். என்னத்தச் செஞ்சு வெச்சிருக்கேன் நான்? சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம்.

கைகாட்டி எதுவும் வேண்டாம் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.


ஏப்ரல் 3, புதன்

பிளக்கைப் பிடுங்கினால் மனம் ஆறுகிறதா? இல்லை. கோளாறு கைகாட்டியில் இருக்கலாமே என்று இருந்தது. அவன் பக்கம் மட்டும் கை பாதியில் நிற்கிறதோ என்னவோ? சாயங்காலம் பிளக்கை மறுபடி மாட்டி, இவரை என் சுவிட்ச் பக்கம் நிறுத்தினேன். நான் அந்தப் பக்கம் போனேன். முதுகு வலித்தது, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அண்ணன் ஸ்டூல்.

"இறக்குங்க," என்றேன்.

"இறக்கியாச்சு."

"இன்னும் இறக்கலையே."

"இறக்கிட்டேன்."

"சுவிட்சை நல்லா அழுத்துங்க. உங்களுக்கு எதுலதான் அவசரம் இல்ல!"

"அடியே, இறக்கிட்டேன்டி! சத்தம் கேக்கல?"

சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது.

கை எங்கே?

அவன் ஸ்டூல் என்னுடையது போல ஸ்டேஷன் ஓரத்தில் இல்லை, மலையடியில், கைகாட்டிக்குப் பின்னால் இருக்கிறது. வண்டி ஸ்டேஷனிலிருந்து கிளம்பி இவனைத் தாண்டித்தான் மலைக்குள் போகும். கைகாட்டி வண்டியைப் பார்க்கிறது. இவனுக்கு முதுகைக் காட்டுகிறது. கையின் முதுகு வெள்ளை. நான்தான் பூசினேன், முறைப்படி. அதற்கு நேர் பின்னால் அண்ணன் கட்டிய ஸ்டேஷன், சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கை. ஏறினாலும் ஒன்றுதான், இறங்கினாலும் ஒன்றுதான். நானும் கண்ணை இடுக்கினேன். ஒன்றுமே இல்லை அங்கே.

இத்தனை ஞாயிறும் இந்த வேலை செய்தேனே. படுத்துப் பார்த்தேன், கதவில் நின்று பார்த்தேன், என் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். இந்த ஸ்டூலில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேனா? யாருக்காகச் செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னேன், கடைக்காரரிடம் சொன்னேன், முதலாளியிடம் சொன்னேன். அவன் இடத்திலிருந்து என்ன தெரியும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

இவர் சுற்றிக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

"ஆளை நிக்க வெச்சு அளவு எடுக்காமலே தைச்சிருக்க," என்றார்.


ஏப்ரல் 4, வியாழன்

என்ன செய்வது? கையின் முதுகிலும் சிவப்பு அடிக்கலாம். அப்புறம் அது எதைச் சொல்கிற கை? அண்ணன் சுவருக்கு வேறு வண்ணம் பூசலாம். அவன் சுவரில் கை வைத்தால் கொலை விழும். ஆகவே மரத்தையே பிடுங்கித் திருப்பி நட்டுவிட்டேன். இப்போது சிவப்பு அவன் ஸ்டூலைப் பார்க்கிறது. வண்டிக்கு முதுகு.

"வண்டியோட்டிக்குத் தெரியாதே," என்றேன் இவரிடம்.

"அவன் பிளாஸ்டிக்குடி. அவனுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

நியாயம்தான். இருந்தாலும் பார்க்கக் கண்றாவியாக இருக்கிறது. சட்டையைப் பின்பக்கமாகப் போட்டவன் மாதிரி நிற்கிறது.


ஏப்ரல் 5, வெள்ளி

லேபிலிருந்து நேராக அண்ணன் வீடு. கையில் காகிதம், பேனா. அவன் உள்ளே போகப் பார்த்தான். வாசல்படியை மறித்து நின்றேன். அவனை உட்காரவைத்து எதிரில் முழங்காலிட்டு, வாய் தெரிகிற மாதிரி, மெதுவாகச் சொன்னேன்.

"உன் கண்ணுல ஒண்ணும் இல்ல. என் மண்டையிலதான் ஒண்ணும் இல்ல."

விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். பிறகு காகிதத்தில் படம் போட்டேன். மலை, ஸ்டூல், மரம், பின்னால் சுவர். கையின் முதுகில் வெள்ளை என்று எழுதினேன். சுவரில் வெள்ளை என்று எழுதினேன். ஸ்டூலில் ஒரு ஆளைப் போட்டு, கண்ணிலிருந்து கோடு இழுத்தேன்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். கோட்டின் மேல் விரலை வைத்து ஓட்டினான்.

"அப்ப எனக்கு மட்டும் இல்ல? யார் உக்காந்தாலும் தெரியாதா?"

"யார் உக்காந்தாலும். நான் உக்காந்தேன். எனக்கும் தெரியல."

முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். ரொம்ப நேரம் தேய்த்தான். அண்ணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார், அசையவே இல்லை. அவனுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும்! ஐந்து நாள் யாரிடமும் சொல்லாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். எனக்கும் அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு, சமாதானமாக இருக்கட்டுமே என்று, "இப்ப சரி பண்ணிட்டேன். கைகாட்டியத் திருப்பி வெச்சிட்டேன்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

கையை முகத்திலிருந்து எடுத்தான்.

"திருப்பிட்டியா?"

தலையாட்டினேன்.

"கைகாட்டிய? வண்டிக்கு முதுகு காட்டியா?"

அந்தப் பழைய குரல்! சிவப்பு விளக்கு மறந்ததற்குச் சாப்பிடாமல் போன குரல். "எந்த லைன்ல எவன்டி வண்டிக்கு முதுகக் காட்டிக் கைகாட்டி நட்டான்? கொஞ்சமாவது... யாராவது பாத்தா காறித் துப்ப மாட்டான்? நீ பாட்டுக்குத் திருப்புவியா?" பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். அவன் நிறுத்தவில்லை. எழுந்து செருப்பைத் தேடினான்.

"இப்பவே எங்கங்க?" என்றார் அண்ணி.

அவனுக்குக் கேட்கவில்லை. அதற்குள் தெருவில் இறங்கியிருந்தான். நான் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தேன், அண்ணி கரண்டியோடு வாசலுக்கே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.


ஏப்ரல் 7, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே மரத்தைப் பிடுங்கிப் பழைய பக்கம் நட்டுவிட்டான், சட்டையைக்கூடக் கழற்றாமல். திட்டிக்கொண்டே. இவர் கடையில் அளவு கொடுக்க வந்த ஆள் எதற்கு வம்பு என்று நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டாராம்.

இன்றைக்கு வந்தான். கூப்பிடவே இல்லை, வந்தான். நான் செய்த எதுவும் சரியில்லையாம். மோட்டார் கம்பி போகிற ஓட்டை பெரிதாக இருக்கிறதாம். கை இறங்குவது வேகமாம். குலுங்கல் மட்டும் பரவாயில்லையாம். "குலுங்கல் யாரு சொன்னது?" என்றான். நீதான் என்று விரலால் காட்டினேன். "அதான்," என்றான்.

கைகாட்டி சரியான பக்கம் பார்க்கிறது. அப்படியானால் இவனுக்கு எப்படித் தெரியும்? நான் கேட்பதற்கு முன்பே ஸ்டூலைத் தூக்கினான். மலையடியிலிருந்து எடுத்து, பிளாட்பாரம் நீளத்தையும் தாண்டி, ஸ்டேஷனின் அந்தக் கோடியில் கொண்டுபோய்ப் போட்டான். வண்டியோட்டி எங்கிருந்து கைகாட்டியைப் பார்ப்பானோ அங்கே. உட்கார்ந்தான். "இப்ப இறக்கு."

இறக்கினேன்.

"தெரியுது," என்றான். "ஏத்து. தெரியுது. இறக்கு. தெரியுது." வீடு அதிர்ந்தது.

அவன் வண்டியை ஓட்டுகிற கண்ட்ரோல் பெட்டிக்கும் சுவிட்சுக்கும் வயர் எட்டவில்லை. இரண்டு பேரும் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வயரை வெட்டி, நீட்டி, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தோம். என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கத்தினேன். அவன் பாட்டுக்கு அடுத்த வயரை நீட்டிக்கொண்டிருந்தான்.

எழுந்து என் ஸ்டூலுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். அந்தக் கோடியில் மலை சரிந்து முடிந்துவிடுகிறது. மறைப்பு எதுவும் இல்லை. இத்தனை வருஷமும் நான் குரலை மட்டும் கேட்ட இடத்தில் அண்ணன் முகம் தெரிந்தது. வண்டி விடும்போது அவன் நாக்கை மடித்துக் கடித்துக்கொள்வான் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.


ஏப்ரல் 13, சனி

மிச்சமிருந்த மூன்றாவது மோட்டாரைக் கேட்டு வாங்கிப் போனான். எதற்கு என்று சொல்லவில்லை.


ஏப்ரல் 20, சனி

எதற்கு என்று அண்ணி சொல்லிவிட்டார். டிவிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கைகாட்டி நட்டிருக்கிறானாம். சமையலறையில் சுவிட்ச். சோறு ஆகிவிட்டால், யாராவது வந்தால், அண்ணி கையை இறக்க வேண்டும். போய்த் தோளைத் தட்ட வேண்டாம், திடுக்கிட வேண்டாம்.

"நல்லதுதானே அண்ணி?"

"என்ன நல்லது? இறக்கினா பாக்குறாரு. பாத்துட்டு, பாக்காத மாதிரி உக்காந்திருக்காரு. நேத்து எங்கம்மா வந்திருக்காங்க, மூணு தடவ இறக்கினேன். மனுஷன் அசையல. போய்க் கேட்டா, லைன் க்ளியர் ஆகட்டும்னு காத்திருந்தேங்கிறாரு. எங்கம்மா சிரிச்சிட்டாங்க. அப்புறம் ராத்திரி வரைக்கும் அவங்ககிட்ட அது எப்படி வேலை செய்யுதுன்னு கத்திக்கிட்டே இருந்தாரு."

அண்ணியின் குறையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். போனை வைக்கவே மனம் வரவில்லை.


ஏப்ரல் 28, ஞாயிறு

நீல எஞ்சினுக்குப் புதுச் சக்கரம் போட்டாயிற்று. முதல் ஓட்டம் என் பக்கத்திலிருந்து. நான்கு பெட்டி மாட்டி, கடைசிப் பெட்டிக்குச் சிவப்பு விளக்கும் மறக்காமல் வைத்து, தயாராக உட்கார்ந்தேன்.

என் கைகாட்டி இறங்கவில்லை.

காத்திருந்தேன். லைன் காலி. மலைக்குள் எதுவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், எதிர்க் கோடியில் என் அண்ணன் ஸ்டூலில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஆற அமர டீ குடித்துக்கொண்டிருக்கிறான். சுவிட்ச் அவன் முழங்கைக்குப் பக்கத்தில்.

"விடேன்," என்றேன்.

ஒரு வாய் குடித்தான்.

"அண்ணா, இறக்கேன்! எவ்வளவு நேரம்?"

இன்னொரு வாய்.

"உயிர வாங்காத! இறக்குடா கைய!"

டம்ளரைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்துக்கொண்டே, காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துவைத்துக்கொண்டான்.

"கேக்கலையே," என்றான், முன்னறையிலிருந்து இவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை.

அப்புறம்தான் கையை இறக்கினான்.